திறன் இடைவெளியா, தீண்டாமை இடைவெளியா?

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, தொழிற்சாலைப் பணியாளர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது, ஸ்கில் மேட்ரிக்ஸ் பற்றி என்று சொன்னேன். அவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம். அது ஹெச்.ஆர். ஆட்கள் பேசுகிற விஷயமாயிற்றே, அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருப்பார்கள். தொடர்பு இருக்கிறது. நம் பிள்ளைகள் எந்த இயந்திரத்தைத் தொடலாம், எந்த இயந்திரத்தைத் துடைக்க மட்டும் செய்யலாம் என்பதை இன்றைக்கு முடிவு செய்கிற காகிதம் அதுதான். மனுவின் பெயர் அதில் இருக்காது. அதனால்தான் அதைக் கவனித்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

தொழிற்சாலையில் வேலை செய்கிற எல்லாரும் அதைப் பார்த்திருப்பீர்கள். லைன் தொடங்குகிற இடத்தில் போர்டில் ஒட்டியிருப்பார்கள். இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள். மேலே வரிசையாக வேலைகள்: லோடிங், பிரஸ், வெல்டிங், சி.என்.சி. செட்டிங், கேஜ் பார்த்தல், இறுதிச் சோதனை. ஒவ்வொரு கட்டத்திலும் நான்காகப் பிரித்த ஒரு வட்டம். கால்வட்டம் கறுப்பாக இருந்தால், ஆள் இப்போதுதான் பழகுகிறார். அரைவட்டம் என்றால் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் செய்வார். முக்கால்வட்டம் என்றால் தனியாகச் செய்வார். முழுவட்டம் என்றால் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பார்.

இந்த லைனுக்குச் செட்டிங் தெரிந்த ஆறு பேர் தேவை, மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த மூன்றுதான் கம்பெனியின் கணக்கில் ‘திறன் இடைவெளி’. தேவைப்படுவதிலிருந்து இருப்பதைக் கழித்தால் இடைவெளி வந்துவிடும். அதை அடைக்கப் பயிற்சி கொடுப்பார்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள்.

இந்த முறை கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வைப்பது நல்ல வேலை. சூப்பர்வைசரின் மனதுக்குள் இருப்பதைவிடச் சுவரில் இருப்பது மேல். ஆனால் அந்தக் காகிதம் கேட்காத இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இந்த வட்டம் ஏன் காலியாக இருக்கிறது? இரண்டு, இந்தக் காகிதத்தில் பெயரே இல்லாதவர்கள் யார்? முதல் கேள்விக்குப் பதில் தேட, பம்பாய் பஞ்சாலைகளுக்குப் போவோம்.

பம்பாய் ஆலைகளில் தலித் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். ஆனால் நூற்பு போன்ற பிரிவுகளில்தான் அவர்களுக்கு இடம். கூலி அதிகமாகக் கிடைத்த நெசவுப் பிரிவில் நுழைய முடியாது. காரணம் என்ன தெரியுமா? நாடாவில் இருக்கும் தார் தீர்ந்துபோனால் புதுத் தாரைப் போட்டு, அதன் நூல்முனையை நாடாவின் சிறு துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ஒரு தலித் வாய் வைத்த நாடாவில் அடுத்த ஷிப்டில் தான் எப்படி வாய் வைப்பது என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள்.

அந்த ஆலையில் இப்போது இருப்பதுபோல ஒரு ஸ்கில் மேட்ரிக்ஸ் ஒட்டியிருந்தால் என்ன காட்டியிருக்கும்? நெசவு என்ற கட்டத்துக்கு நேராகத் தலித் தொழிலாளர்கள் எல்லாருக்கும் காலி வட்டம். ‘இவர்களுக்கு நெசவுத் திறன் இல்லை’ என்று மேலாளர் எழுதியிருப்பார். கணக்குப்படி அது உண்மையும்கூட. தறியைத் தொடவிடாதவனுக்குத் தறி ஓட்ட எப்படித் தெரியும்? தீண்டாமை முதலில் வருகிறது. திறன் இல்லாமை அதன் பின்னால் வருகிறது. ஆனால் பதிவேட்டில் பின்னால் வந்தது மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாய் வைக்காமல் கையாலேயே நூல் கோக்கும் நாடாக்கள் உலகில் அப்போதே இருந்தன. கருவியை மாற்றியிருந்தால் அந்தச் சாக்கே இல்லாமல் போயிருக்கும். அதோடு, வாயால் உறிஞ்சுவது எந்தச் சாதித் தொழிலாளியின் உடம்புக்கும் நல்லதல்ல. நூலின் தூசும் பசையும் நுரையீரலுக்குப் போகும், ஒருவரின் நோய் இன்னொருவருக்குத் தொற்றும். தன் உடம்புக்குக் கேடான கருவியைக்கூட மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, பக்கத்தில் தலித் வரக்கூடாது என்று மட்டும் கேட்டார்கள். சாதி ஒரு தொழிலாளியின் அறிவை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

1928இல் பம்பாயில் மாபெரும் ஆலை வேலைநிறுத்தம் நடந்தபோது, எல்லாப் பிரிவுகளிலும் தலித்துகளுக்கு வேலை என்பதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் வற்புறுத்தினார். அவர்கள் அரைமனதோடுதான் சேர்த்தார்கள். முதலாளிகளோ, இந்த அநீதிக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கைகழுவிக்கொண்டார்கள். முதலாளி தொழிலாளியைக் காட்டினார், தொழிலாளி சாதி வழக்கத்தைக் காட்டினார். நடுவில் தலித்தின் கூலி குறைந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1938 பிப்ரவரியில், மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு நடந்தது. இந்த நாட்டின் தொழிலாளர்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் இருப்பதாக அம்பேத்கர் பேசியது அங்கேதான். அந்த வரியை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். அதே உரையில் அவர் ரயில்வேயைப் பிரிவு பிரிவாகப் பிரித்துக் காட்டியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. தலித் தொழிலாளி தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே ஓய்வு பெறுகிறான். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது, தலித்தை வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காக எடுப்பது அரிது, ஃபோர்மேன் ஆவது அதைவிட அரிது. அவன் கூலியாகவே இருக்கிறான்.

இதை ஒரு திறன் தணிக்கை என்றே நான் பார்க்கிறேன். எந்தப் பிரிவில் யார் இருக்கிறார்கள், எந்தப் படியோடு யார் நின்றுவிடுகிறார்கள், எந்த விதி அவர்களை அங்கே நிறுத்துகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது. இன்றைய ஹெச்.ஆர். முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மூன்றாவதைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அவர் இதற்கான அடிப்படையை விளக்கினார். வேலையைப் பிரித்துக்கொள்வது எல்லாச் சமூகத்திலும் உண்டு. சாதி அதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து, மேல் கீழாக அடுக்குகிறது. ஒருவரின் இயல்பான திறமையையும் விருப்பத்தையும் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து வேலை தருவதால் பொருளாதாரத்துக்கும் அது கேடு என்றார். ஒரு தொழில் நலிந்தால் அதிலிருப்பவர் வேறு தொழிலுக்கு மாற முடியாது, அதனால் வேலையின்மை உண்டாகிறது என்றும் சுட்டிக்காட்டினார். தொழில் மாறும்போது தொழிலாளியை மறுபயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று இன்று மேலாண்மைப் புத்தகங்கள் பேசுகின்றன. அந்த மாற்றத்துக்குக் குறுக்கே நிற்பது சாதி என்பதை 1936லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டில் இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படித்துவிட்டு மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டுப் பெரியார் எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். கேட்பதற்கு அதுவும் ‘திறன் மேம்பாடு’தான். கைத்தொழில் கற்றுத் தருகிறோம் என்றார்கள். யாருடைய பிள்ளைக்கு எந்தக் கைத்தொழில் என்பதில்தான் விஷம் இருந்தது.

2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 மரபுத் தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. குடும்பவழித் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்ன தமிழ்நாடு அரசு, அது ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மறுத்தது. பிறகு 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குறைந்தபட்ச வயது 35. விஸ்வகர்மாவில் 18. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஓர் அரசியல் இருக்கிறது. 18 வயதில் ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டும். கடன் கொடுத்து அப்பாவின் பட்டறையில் உட்கார வைக்கக் கூடாது.

ஆனால் தோழர்களே, அரசின் திட்டத்தில் குலக்கல்வியைக் கண்டுபிடிக்கிற நாம், கம்பெனியின் உள்ளே நடக்கும் குலக்கல்வியைக் கண்டுகொள்வதில்லை. அதை எப்படிக் கண்டுகொள்வது, எப்படி மாற்றுவது என்பதற்கு அமெரிக்காவின் கறுப்பினத் தொழிலாளர்கள் நடத்திய இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதல் வழக்கு டியூக் பவர். வடக்கு கரோலினாவில் டிரேப்பர் என்ற ஊரில் அந்தக் கம்பெனிக்கு ஓர் அனல் மின் நிலையம். ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவருக்கு ‘லேபர்’ என்ற ஒரு பிரிவில் மட்டும்தான் வேலை. அந்தப் பிரிவின் மிக உயர்ந்த சம்பளம், மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. 1955இல், மற்ற பிரிவுகளுக்குப் போகப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று விதி போட்டார்கள். பிறகு வேலையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி இன்னொரு விதியைச் சேர்த்தது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர வருகிறவர்கள் இரண்டு பொது அறிவுத்திறன் தேர்வுகளில் தேற வேண்டும். கதவைப் பூட்டக்கூடாது என்று சட்டம் சொன்ன அன்றைக்கே வாசற்படியை உயர்த்திவிட்டார்கள்.

வில்லி கிரிக்ஸ் உள்ளிட்ட 13 கறுப்பினத் தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளிப்பட்ட முக்கியமான செய்தி இது: சான்றிதழ் விதி வருவதற்கு முன்பே அந்தப் பிரிவுகளில் சேர்ந்த வெள்ளையர்களில் பள்ளி இறுதி முடிக்காதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலையை நன்றாகவே செய்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதற்கு? 1971 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கம்பெனியின் உள்நோக்கம் என்ன என்பது மட்டும் கேள்வி இல்லை. ஒரு தகுதி விதி ஒரு பிரிவினரை வெளியே தள்ளுகிறது என்றால், அந்தத் தகுதி அந்த வேலைக்கு உண்மையில் தேவை என்று கம்பெனிதான் காட்ட வேண்டும்.

இரண்டாவது வழக்கு கெய்சர் அலுமினியம். லூசியானாவில் கிராமர்சி என்ற ஊரில் ஆலை. அந்தப் பகுதியின் தொழிலாளர்களில் 39 விழுக்காடு கறுப்பினத்தவர். ஆனால் ஆலையின் 273 கைத்தேர்ச்சித் தொழிலாளர்களில் 5 பேர்தான் கறுப்பினத்தவர். ஏன்? அந்த வேலைகளுக்கு முன் அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுத்தார்கள். அந்த அனுபவத்தைத் தரும் கைவினைச் சங்கங்களோ காலங்காலமாகக் கறுப்பினத்தவரைச் சேர்த்ததில்லை. நம் பம்பாய்த் தறியின் கதையேதான்.

1974இல் தொழிற்சங்கமும் கம்பெனியும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இனி வெளியிலிருந்து தேர்ந்த ஆளை எடுக்காமல், உள்ளே இருக்கும் உற்பத்தித் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுப்போம். பணிமூப்புப்படி ஆட்களைத் தேர்ந்தெடுப்போம். பயிற்சி இடங்களில் பாதியைக் கறுப்பினத்தவருக்கு ஒதுக்குவோம், அந்த வட்டாரத்தின் விழுக்காட்டை எட்டும் வரை. முதல் ஆண்டு 13 பேருக்குப் பயிற்சி: 7 பேர் கறுப்பினத்தவர், 6 பேர் வெள்ளையர். வாய்ப்புக் கிடைக்காத பிரையன் வெபர் என்ற வெள்ளைத் தொழிலாளி வழக்குப் போட்டார். 1979இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஒப்பந்தத்தை ஏற்றது.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த 6 வெள்ளைத் தொழிலாளர்களுக்கும் அந்த வாய்ப்பு, ஒப்பந்தத்தால்தான் வந்தது. முன் அனுபவம் என்ற விதி இருந்தவரை, சாதாரண உற்பத்தித் தொழிலாளி எந்த நிறமாக இருந்தாலும் அந்தப் படியில் ஏற முடியாது. ஒடுக்கப்பட்டவருக்காகத் திறந்த கதவு வழியாக எல்லாத் தொழிலாளிகளும் உள்ளே போனார்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை. 2006இல் அந்தப் பேச்சு வந்தபோது தொழிலதிபர்களின் அமைப்புகள், சட்டம் வேண்டாம், நாங்களே முன்வந்து கல்வியும் பயிற்சியும் தருகிறோம் என்றன. வேலை கிடைக்காததற்குக் காரணம் பாகுபாடு இல்லை, திறன் குறைவுதான் என்பது அந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கும் செய்தி.

அது உண்மையா என்று ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே மாதிரித் தகுதி, பெயர் மட்டும் வேறு. நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், உயர்த்தப்பட்ட சாதிப் பெயருக்கு 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33 என்ற அளவில்தான் இருந்தது. காகிதத்தில் திறன் இடைவெளி சுழியம். அப்படியிருந்தும் அழைப்பில் இடைவெளி.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 ஹெச்.ஆர். மேலாளர்களிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நாங்கள் தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்ன மேலாளர்களே, நேர்காணலில் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் சொன்னார்கள். தகுதி ஆளிடம் இருக்கிறது என்றால் அப்பாவைப் பற்றி எதற்குக் கேள்வி?

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கி வைத்த பெருமை அது. ஆனால் இங்கே கேள்வி வேறு வழியாக வரும். எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்? உங்கள் ஊர்த் திருவிழா எந்தக் கோயிலில்? மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். பிறகு மதிப்பீட்டுப் படிவத்தில், ‘கம்யூனிகேஷன் போதாது’, ‘ஆட்டிட்யூட் சரியில்லை’, ‘டீமோடு ஒத்துப்போகவில்லை’ என்று வரும். வெல்டிங் சரியில்லை என்று எழுதினால் வெல்டை எடுத்துக் காட்டிக் கேள்வி கேட்கலாம். ஆட்டிட்யூடை எதில் வைத்து அளப்பது?

இனி இரண்டாவது கேள்வி. காகிதத்தில் பெயரே இல்லாதவர்கள். ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், ஏற்றி இறக்குகிற ஆட்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்கும் ஹெல்பர். எல்லாரும் காண்ட்ராக்ட். அவர்களில் யார் பெரும்பான்மை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு ஸ்கில் மேட்ரிக்ஸ் கிடையாது. ‘அன்ஸ்கில்டு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அது எவ்வளவு ஆபத்தான சொல் என்று யோசியுங்கள். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் வாடை தெரியாது. வாடை இல்லையே, இறங்கலாம் என்று நினைத்து இறங்குகிறவர் அந்த இடத்திலேயே மயங்கி விழுவார். தூக்கப் போகிற அடுத்தவரும் விழுவார். வாயுமானி வைத்து அளப்பதும், காற்றோட்டம் கொடுப்பதும், ஆள் இறங்காமல் இயந்திரத்தால் எடுப்பதும் எவ்வளவு பெரிய தொழில்நுட்பத் திறன்! உயிரையே சார்ந்த அந்தத் திறனை ஏன் யாரும் இடைவெளி என்று எழுதுவதில்லை? செத்தாலும் உற்பத்தி நிற்காத ஆள் என்பதால்தானே?

பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டுத் தொகை ஏறியிருக்கிறது, நல்லது. ஆனால் நமக்கு வேண்டியது அந்த ஹெல்பர் பயிற்சி பெற்ற இயந்திர ஆபரேட்டராக, அதற்குரிய சம்பளத்தோடு உயிரோடு இருப்பது.

சரி, என்ன செய்வது? தொழிற்சங்கத்தின் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க ஆறு செய்திகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வேலைக்கு என்ன தேவை என்பதை வேலையைப் பார்த்து எழுத வேண்டும். டிப்ளமோ, ஆங்கிலம், வயது என்று எந்தத் தகுதி போட்டாலும், அது இல்லாமல் அந்த வேலையை இப்போது நன்றாகச் செய்கிற ஒருவர் ஆலையில் இருந்தால் அந்தத் தகுதியை நீக்க வேண்டும். இது டியூக் பவர் தந்த அளவுகோல்.

இரண்டாவது, ஆலைக்குள் வேலை செய்கிற ஒவ்வொருவருடைய பெயரும் காகிதத்தில் வர வேண்டும், காண்ட்ராக்ட் ஆட்கள் உட்பட. ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கும் பெண்ணுக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் இருக்கலாம். பன்னிரண்டாவது படித்த பையன் டிராலி தள்ளிக்கொண்டிருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? வெளியில் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்கிற கம்பெனி, முதலில் தன் வாசலுக்குள் இருப்பவர்களைக் கேட்கட்டும்.

மூன்றாவது, மதிப்பீடு செய்து காட்டும் சோதனையாக இருக்க வேண்டும். ஒரு சூப்பர்வைசரின் கருத்தாக இருக்கக் கூடாது. இரண்டு பேர் மதிப்பிட வேண்டும், ஒருவர் வேறு பிரிவிலிருந்து வர வேண்டும். குறைத்துப் போட்டால் எது தவறு என்று தமிழில் எழுதித் தர வேண்டும். தொழிலாளி மறு சோதனை கேட்கலாம்.

நான்காவது, பயிற்சிக்கு யார் போவது என்பதை அறிவிப்புப் பலகையில் போட்டு, விருப்பம் தெரிவித்தவர்களைப் பணிமூப்புப்படி எடுக்க வேண்டும். இடங்களில் ஒரு பங்கு பட்டியல் சாதி, பழங்குடித் தொழிலாளர்களுக்கும் பெண்களுக்கும் ஒதுக்க வேண்டும், வட்டாரத்தில் அவர்களுடைய விழுக்காட்டை மேல்நிலை வேலைகளில் எட்டும் வரை. பயிற்சி, சம்பளம் உள்ள ஷிப்ட் நேரத்தில் நடக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு வகுப்பு என்றால், கம்பெனிப் பேருந்தை விட்டால் ஊருக்குப் போக வழியில்லாத சேரிப் பெண் எப்படி வருவாள்? பாடம் தமிழில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பயிற்சி முடிந்தவரை மூன்று மாதத்துக்குள் அந்த இயந்திரத்தில் நிறுத்தி, அந்தத் தரத்தின் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். சான்றிதழைக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே திருப்பி அனுப்பினால், ஆறு மாதத்தில் கை மறந்துவிடும். அப்புறம் அதையும் ‘திறன் இடைவெளி’ என்று எழுதுவார்கள்.

ஆறாவது, கணக்கு. ஒவ்வொரு ஆண்டும், ஒவ்வொரு தரத்திலும் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், காண்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர் என்று பெயர் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் வெளியிட வேண்டும். இதற்கு ஒரு தொடக்கம் சட்டத்திலேயே இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அதில் இடம் ஒதுக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 3ஏ பிரிவு சொல்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் அது பொருந்தும். உங்கள் ஆலையில் அந்த ஒதுக்கீட்டில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்குப் புதிய சட்டம் ஒன்றும் தேவையில்லை.

இதற்கு வரும் எதிர்ப்புகளையும் சொல்லிவிடுகிறேன். ‘கம்பெனிக்குள் சாதியைக் கொண்டுவராதீர்கள்’ என்பார்கள். சாதி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. கழிப்பறை கழுவுகிறவர்களின் பட்டியலையும் செட்டிங் ஆபரேட்டர்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காய்ச்சலை அளந்தால் காய்ச்சல் வந்துவிடும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

‘தரம் குறைந்துவிடும்’ என்பார்கள். நாம் சோதனையை நீக்கச் சொல்லவில்லை, வேலைக்குத் தொடர்புள்ள சோதனையை வைக்கச் சொல்கிறோம். முழுவட்டம் வாங்கியவர்தான் இயந்திரத்தில் நிற்பார். அந்த வட்டத்தை நிரப்புகிற வாய்ப்பு எல்லாருக்கும் வேண்டும் என்கிறோம்.

‘தொழிலாளர் ஒற்றுமை கெடும்’ என்று சங்கத்துக்குள்ளேயே சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு 1928ஐ நினைவுபடுத்துங்கள். நெசவுப் பிரிவில் தலித்தைச் சேர்க்காத ஒற்றுமை யாருக்கான ஒற்றுமை? பிற்படுத்தப்பட்ட சாதித் தோழர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஹெச்.ஆர். அறையில் பேசப்படும் ஆங்கிலத்தின் முன்னால் உங்கள் வட்டமும் அரைவட்டம்தான். கிராமர்சியில் திறந்ததுபோல ஒரு கதவு இங்கே திறந்தால், முதலில் நுழைகிறவர்களில் நீங்களும் இருப்பீர்கள்.

கடைசியாக, இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு. கம்பெனி அநியாயம் செய்கிறது என்பதால் கற்பதை நிறுத்தாதீர்கள். பி.எல்.சி. கற்றுக்கொள்ளுங்கள், வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுப்பதைச் சூப்பர்வைசரின் தயவுக்கு விட்டுவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையில் சங்க அலுவலகத்தில் ஒரு பழைய மோட்டாரை வைத்தே தொடங்கலாம். ஆனால் கற்பது உங்கள் கடமை என்று சொல்கிறவர்கள், கற்ற பிறகு இயந்திரத்தைக் கொடுப்பது தங்கள் கடமை என்பதை எழுத்தில் தர வேண்டும். அதை வாங்குவது சங்கத்தின் வேலை.

ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் போனஸ், படி, சீருடை எல்லாம் பேசுகிறோம். இந்த முறை இந்த ஆறையும் சேர்த்துப் பேசுங்கள். யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பதை ஒப்பந்தம் முடிவு செய்கிறது. யார் எந்தச் சம்பளத்துக்குப் போக முடியும் என்பதைப் பயிற்சிப் பட்டியல் முடிவு செய்கிறது. இரண்டாவதை நிர்வாகத்திடம் விட்டுவிட்டு முதலாவதை மட்டும் பேசினால், பேரம் பாதியிலேயே நின்றுவிட்டது என்று பொருள்.